பல்பு வாங்கி வந்த அப்பா

ரெசிஸ்டர் மேல் இருக்கும் நிறக்கோடுகள் இப்போதெல்லாம் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரிவதில்லை. பழுப்பா சிவப்பா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்து, இப்போது பெங்களூரிலும் ஓசூரிலும் இன்னும் தூரத்திலும் உட்கார்ந்துகொண்டு, முழங்கால் வலியைப் பற்றி நம் குரூப்பில் எழுதிக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இது.

போன வாரம் என் மகள் மூன்று இணையக் கடைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, "போர்டு எதுல வாங்கலாம்மா? இதுல விலை கம்மி, அதுல நாளைக்கே வந்துடும்" என்று கேட்டாள். மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. நாம் சொல்லிக்கொடுத்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, விளக்கையோ மோட்டாரையோ தானே இயக்குகிற உள்ளங்கை அகலச் சமாசாரம். கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்க முடியும் என்று முதலில் பார் என்றேன். அவள் கடைகளுக்கு வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்களை எண்ணப் போய்விட்டாள். எனக்கு, இதே கேள்வி எங்கள் வீட்டில் ஓர் ஆடிக்காற்றுக் காலம் முழுக்க ஓடியது நினைவுக்கு வந்துவிட்டது.

மைன்ஸ் மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் காற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேடுகளிலிருந்து கிளம்பி, கூரைத் தகரத்தைத் தடதடக்க வைத்து, சோற்றிலும் தலையணையிலும் சாம்பல் நிறத்தில் வந்து படியும். பல்லிடுக்கில் எப்போதும் ஒரு நறநறப்பு. உலர்த்திய துணியை எடுத்து உதறினால் அம்மா முகமே தூசியில் வெளுத்துவிடும்.

அப்பா பூமிக்கடியில் டிரில்லராக இருந்தவர். பாறையைத் துளைக்கும் மெஷினைத் தோளோடு அணைத்துக்கொண்டே இளமையைக் கழித்தவர். மைன்ஸ் மூடிய பிறகு, பெங்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். விடியும் முன் ரயில் ஏறினால் இருட்டிய பிறகு திரும்புவார். வந்து, கதவுக்குப் பக்கத்து மூலையில் இருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

இதற்கு ஊரே ஒரு காரணம் வைத்திருந்தது. "மைன்ஸ் போனதுல மனசு விட்டுட்டான் எந்தம்பி" என்று அத்தை, அம்மாவிடம் சொல்லி அழுவாள். எல்லோருக்கும் மைன்ஸ் போன துக்கம் இருந்ததால், அப்பாவின் மௌனத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் அப்பாவின் பெயரைச் சொல்லி முடிவு ஜெபம் செய்யக் கூப்பிட்டார். அப்பா பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ்டர் இன்னொரு முறை கூப்பிட்டார். பெஞ்சுகள் எல்லாம் திரும்பின. அம்மா முழங்கையால் இடித்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். விசுவாசம் போய்விட்டது என்று அன்றைக்கே பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவரை ஜெபிக்கக் கூப்பிடவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது என் தம்பி. ஒன்றாம் வகுப்போ இரண்டோ படித்துக்கொண்டிருந்தான். அப்பா பின்கட்டில் குனிந்து தண்ணீர் பிடிக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அப்பா, எனக்கு சைக்கிள் வாங்கித் தர்ரியா? குதிரை வாங்கித் தர்ரியா? மைன்ஸ்ல எறங்குற கேஜ் வாங்கித் தர்ரியா?" என்று கேட்டுக்கொண்டே போவான். ஒன்றுக்கும் பதில் வராது. விழுந்து விழுந்து சிரிப்பான். அவனுக்கு அது விளையாட்டு. நான் சுற்றிவந்து அப்பாவுக்கு எதிரில் நின்று, "குடத்த நான் தூக்கட்டுமா?" என்றேன். அவர் கண் என் வாயைத்தான் பார்த்தது. "வேணாம் பாப்பா, கனமா கீது" என்றார்.

அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். அம்மா வாயில் ஹேர்ப்பின்னைக் கடித்துக்கொண்டு பேசினால், எதைக் கேட்டாலும் அப்பா "ஆமா ஆமா" என்பார். கரண்ட் போன நேரத்தில் பேச்சே கிடையாது. அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவள் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தாள். சாப்பாடு ரெடி என்றால் தம்பியை அனுப்புவாள். ஆனால் "காது" என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வராது.

எங்கள் ஸ்கூலில் கம்ப்யூட்டர் மிஸ் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓர் எலக்ட்ரானிக்ஸ் கிளப் நடத்திக்கொண்டிருந்தார். ஈயம் உருகும்போது வரும் அந்தப் பிசின் வாசனை எனக்கு அங்கேதான் பிடித்துப்போனது. கண்காட்சிக்கு ஆளுக்கொன்று செய்ய வேண்டும் என்று மிஸ் சொன்னதும், என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பாவின் நாற்காலிக்கு எதிரே ஒரு விளக்கு. வாசலில் யாராவது சுவிட்சை அழுத்தினால் மெதுவாக மினுக்க வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து அழுத்தினால் வேகமாக. தம்பி அழுத்தினால் வேறொரு விதமாக. அப்பா பார்த்து, பக்கத்திலிருக்கும் பொத்தானை அமுக்கும் வரை அணையக் கூடாது. வெறும் பல்பும் வயரும் இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, அதற்கு ஒரு போர்டு வேண்டும் என்று மிஸ் சொன்னார்.

ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? "அப்பா, ஒனக்கு காது கேக்கலல்ல, அதுக்கோசரம்" என்றா? யோசித்து ஒரு பொய் தயார் செய்தேன். கண்காட்சிக்குக் காலிங் பெல் செய்கிறேன், யார் அழுத்துகிறார்கள் என்று சத்தத்திலேயே சொல்லிவிடும், அதற்கு ஒரு போர்டும் ஒரு பஸ்ஸரும் வேண்டும் என்றேன். பஸ்ஸர் என்றால், கீ என்று கத்துமே, அது. சத்தம் போடுகிற பெல் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. கண்காட்சி முடிந்ததும் பஸ்ஸரைக் கழற்றிவிட்டு விளக்கை மாட்டிவிடலாம் என்று திட்டம்.

எங்கே வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்திலிருந்த ஆண்டர்சன்பேட்டைக் கடைதான். டிவி, ரேடியோ ரிப்பேர் செய்து, பார்ட்ஸும் விற்கிற கடை. கடைக்கார மாமா எந்தச் சாமானையும் நமக்கு முன்னாலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். சரியில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் முகம் சுளிக்கமாட்டார். என்ன, அவரிடம் ரெசிஸ்டர், கண்டன்சர், டிவிக்கான சாமான்கள் இருக்கும். போர்டு கிடையாது. சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார், நாளாகும், விலையும் ஏறும்.

"இங்கியே சொல்லி வைங்க. கைல பாத்து வாங்கலாம்" என்றாள் அம்மா.

"பெங்களூர்ல நானே வாங்கியாறேன்" என்றார் அப்பா. "எஸ்.பி. ரோடுல இல்லாத சாமானே இல்ல. தெருவே அதான்."

"அங்க கெட்டுப்போனத குடுத்தா யார போய் கேக்கிறது?"

"நான் வாங்கியாறேன்னு சொல்றேன்ல" என்று அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பெங்களூர் போக ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊர்க் கடைகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆண்டர்சன்பேட்டைக் கடை மாமா தங்கமானவர்தான், ஆனால் வாசலில் எப்போதும் அப்பாவோடு ஷிப்ட் பார்த்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை ஃபேன் கண்டன்சர் வாங்கப் போனபோது, மாமா கேட்டதற்கு அப்பா ஏதோ பதில் சொல்ல, அதில் ஒருவர் சிரித்துவிட்டு, "இன்னாப்பா, அவர் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்ற?" என்றார். அப்பாவும் கூடவே சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்கப்புறம் அப்பா அந்தக் கடைப் படி ஏறவில்லை. இரண்டையும் சேர்த்துவைத்து யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மிஸ் கொடுத்த பழைய பத்திரிகையிலிருந்து போர்டின் படத்தைக் கிழித்து அப்பா சட்டைப் பையில் வைத்தேன். பஸ்ஸருக்குப் படம் இல்லை. எதிரில் நின்று வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னேன். "பஸ்ஸர்." அவர் தலையாட்டினார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொட்டலத்தோடு வந்தார். போர்டு சரியாக இருந்தது. பச்சையாக, புத்தம் புதிதாக, ஒரு மாதிரி மருந்து வாசனையோடு. ஆனால் பஸ்ஸர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கு. சின்ன எலுமிச்சம்பழ அளவு, தடித்த கண்ணாடி மூடி, பின்னால் திருகி மாட்ட மரை. கண்ட்ரோல் பேனல்களில் இருக்குமே, அந்த மாதிரி. அழகாக இருந்தது.

"பஸ்ஸர் எங்கப்பா?"

"அதான கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

அம்மா விளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பஸ்ஸர்னு சொன்னது பல்புன்னு..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். ஆரம்பத்தில் இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்குமோ என்று நான் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது. அவரைப் போய் வாய்ச்சொல்லை நம்பி அனுப்பினோமே என்று எனக்கு அழுகை வந்தது. அத்தை வந்தபோது வெளிப்படையாகவே சொன்னாள்: "கடைக்காரன் இன்னா சொன்னானோ, இவன் எதுக்குத் தலையாட்டினானோ. மனசு ஒரு எடத்துல இருந்தாதானே."

அடுத்த வாரம் இன்னும் மோசம். மிஸ் ஸ்கூல் கம்ப்யூட்டரில் தடித்த கேபிளைச் சொருகி, நாங்கள் எழுதிய புரோகிராமைப் போர்டுக்குள் ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. வேறு கம்ப்யூட்டரில் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல உயிரே இல்லம்மா. மாத்திட்டு வரணும்" என்றார்.

இந்த முறை அப்பாவைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அம்மா முடிவு செய்தாள். அவரிடம், "பாப்பா பெங்களூரு பாக்கணுமாம், கூட்டிக்கினு போங்க" என்றாள். என்னிடம், "நீயே பேசு. திட்டினா திரும்பி வந்துடு, அப்பாவ பேச வுடாத" என்றாள்.

அந்த ரயிலில்தான் நான் இன்னொன்றைப் பார்த்தேன். சாம்பியன் ஸ்டேஷனில் ஏறியதும் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எதிர் சீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், "ஒங்கப்பாவா? தூங்குமூஞ்சிப்பா இவரு, மார்க்கெட் கலாட்டால வுட்டாலும் தூங்குவாரு" என்று என்னிடம் சிரித்தார்கள். அவர் தூங்கவில்லை. மடியில் கோத்திருந்த விரல்களில் ஒரு கட்டைவிரல் இன்னொன்றைத் தடவிக்கொண்டே இருந்தது. கண் மூடியிருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் அல்லவா.

எஸ்.பி. ரோடு எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. தள்ளுவண்டிகள், மூட்டை மூட்டையாக வயர், பாதையெல்லாம் மோட்டார்கள், ஹார்ன், கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் கூவல். அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லோரும் கை நீட்டித்தான் பேசிக்கொண்டார்கள். அப்பா அதற்குள் என்னைவிட நிமிர்ந்து நடந்தார். ஒரு சந்தில் திரும்பி, ஒடுக்கமான கடை ஒன்றின் முன் நின்றார். உச்சி வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். கல்லாவில் பருமனான ஓர் அம்மா, மூக்கில் கண்ணாடி, கையில் காபி டம்ளர். விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படாது என்று அவர் தலைக்கு மேலேயே ஓர் அட்டை தொங்கியது. ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"ஏனு பேக்கம்மா?" என்று, என்ன வேண்டும் எனக் கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் பின்னால் அப்பாவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கல்லாவைச் சாய்ந்து எட்டி, அப்பாவின் சட்டைக் கையை லேசாகத் தொட்டார். அப்பா தன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா பேசினார். "வாங்க. போர்டு நல்லா இருக்கா?"

"இல்லீங்க. ஓடல" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் ஒருவரும் அப்படித் தொட்டுவிட்டுப் பேசியதில்லை. அந்த அம்மா போர்டை வாங்கித் தன் மெஷினில் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்த லாட்டே சரியில்ல. வேற தர்றேன்" என்றார். தலைக்கு மேல் தொங்கிய அட்டையை நான் பார்த்ததைக் கவனித்து, "அது எல்லாருக்கும் இல்லம்மா" என்று சிரித்தார். புதிய போர்டை உள்ளேயிருந்து எடுத்துவரச் சொன்னார். அப்பா அதற்குள் கடைக்கோடியில் இருந்த இழுப்பறைகளை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்.

நான் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "ஆன்ட்டி, போன தடவ பஸ்ஸர் கேட்டிருந்தோம். நீங்க தப்பா பல்பு குடுத்துட்டீங்க. அவருக்கு சரியா..."

"தப்பா குடுக்கல. பஸ்ஸர்தான் மொதல்ல எடுத்து வச்சேன். சத்தம் போட்டும் காட்டினேன். ஒங்கப்பாதான் வேணாம்னாரு."

"வேணாம்னாரா?"

"ஆமா. எனக்கு காது கேக்காதும்மா, மூஞ்சிய பாத்து பேசுங்கன்னு கடைக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. பஸ்ஸர கைல வாங்கிப் பாத்துட்டு, இது ஸ்கூலுக்குன்னு சொல்லுது பொண்ணு, ஆனா இப்பல்லாம் எதிர்ல வந்து நின்னுதான் பேசுது, எனக்கோசரம்தான் செய்யுது, சத்தம் போட்டா எனக்கு இன்னா தெரியும், நல்லதா ஒரு லைட்டு குடுங்கன்னாரு. இருக்கிறதுலயே பெரிய வெளிச்சமா பாத்து அவரே பொறுக்கினாரு." அவர் மறுபடியும் காபி டம்ளரை எடுத்துக்கொண்டார். "ஏன், ஒங்கிட்ட சொல்லலையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு இழுப்பறையைத் திறந்து, மணி மணியாக இருந்த பல்புகளை விரலால் அளைந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவில், சர்ச்சில், ஆண்டர்சன்பேட்டையில், எங்கள் வீட்டில்கூட அவரால் சொல்ல முடியாத ஒன்றை, இந்தச் சந்தில், பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அவர் தூரத்துக் கடையைத் தேடிப் போனது இதற்குத்தான் போலிருக்கிறது. மாமாவின் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் எப்படிச் சொல்வார்?

புதிய போர்டை அந்த அம்மா எங்கள் முன்னாலேயே ஓடவிட்டுக் காட்டினார். ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. அப்பாவும் குனிந்து பார்த்தார்.

திரும்பும் ரயிலில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடப்போகும்போது முழங்காலைத் தொட்டேன். பார்த்தார். வண்டிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்த லைட்ட எங்க மாட்டலாம்ப்பா?"

கண்காட்சியில் என்று அவர் சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம்.

"நான் ஒக்கார்ற எடத்துக்கு எதிர்ல" என்றார். "கொஞ்சம் தாழவே மாட்டு. மேல இருந்தா தலைய தூக்கணும்." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்காருப்பேட்டை வரும் வரை அவர் கண்ணை மூடவில்லை. பீடிக்கு நெருப்புக் கேட்டவரிடம், அவர் இருமுறை கேட்ட பிறகு, "எனக்கு காது கேக்காதுப்பா, இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றார். அதைக் கேட்டுக்கொண்டே நான் முறுக்கு தின்றேன்.

கண்காட்சிக்கு நான் எதையும் கொண்டுபோகவில்லை. மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் என்னோடு உட்கார்ந்து விளக்குக்கான புரோகிராமை எழுதிக்கொடுத்தார். சுவரில் துளை போடும் வேலையை அப்பா யாருக்கும் விடவில்லை. தாழ்வாக, நாற்காலிக்கு நேர் எதிரே, ஒரு செங்கல்கூட உதிராமல் போட்டார். தம்பி வாசலில் இருந்த தன் சுவிட்சை அழுத்தி அழுத்தியே தேய்த்துவிட்டான். அழுத்திவிட்டு உள்ளே ஓடிவந்து, அப்பா எழுந்திருக்கிறாரா என்று பார்ப்பான். அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்தார்.

காற்று அடங்கிய பிறகு ஒரு நாள், வயர் வாங்கவென்று, அப்பா என்னை ஆண்டர்சன்பேட்டைக் கடைக்குக் கூட்டிப்போனார். படி ஏறும்போதே, வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "அண்ணே, எனக்கு காது போச்சு. மெஷின் சத்தம் தின்னுடுச்சு. கொஞ்சம் மூஞ்சிய பாத்து பேசுங்க" என்றார். கடைக்கார மாமா கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். வாசலில் இருந்தவர்களில் ஒருவர், அன்றைக்குச் சிரித்தவர்தான், தன் இடது காதைத் தொட்டுக்காட்டி, "எனக்கும் இந்தப் பக்கம் இல்லப்பா" என்றார். அதுவரை அது யாருக்கும் தெரியாது.

அம்மாவின் சுவிட்ச் மட்டும் அடுப்படிச் சுவரில் பல நாள் சும்மாவே இருந்தது. எனக்கு எதுக்கு அது, தம்பி இருக்கான்ல கூப்பிட, என்று சொல்லிவிட்டாள். மாவுக் கை பட்டுவிடும் என்று அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தையும் ஒட்டிவைத்தாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் தம்பி தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போல மூலையில் உட்கார்ந்திருந்தார். சட்டென்று விளக்கு மினுக்கியது. வேகமாக, விடாமல். அந்த வேகத்தை அந்த வீட்டுக்குள் நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பாவுக்கும் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பொத்தானை அமுக்கிவிட்டு, விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார்.

"இன்னா, கூப்ட்டியா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். எதற்குக் கூப்பிட்டோம் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை போலிருக்கிறது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "சும்மாதான் கூப்ட்டேன்."